மேடைக்குக் கீழே மாப்பிள்ளை

கோணக்குளத்துக்காரர்கள் முட்டாள்கள் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். சொல்கிறவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஊர்க் கடைத்தெருவில் தளவாய் என்பவர் 'வடிவு கிராபிக்ஸ்' என்று ஒரு கடை வைத்திருந்தார். வடிவு அவருடைய மனைவி. முதலில் பிளக்ஸ் பேனர்தான் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போக, கண்ணீர் அஞ்சலிப் பேனர் கேட்டு வந்தார்கள். "படம் கறுப்பு வெள்ளையில இருக்கணும்" என்றார்கள். தளவாய் பெரியவருடைய முகத்தில் இடது பாதியைக் கறுப்பாகவும் வலது பாதியை வெள்ளையாகவும் அடித்துக் கொடுத்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் பேனரைப் பார்த்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அதற்குப் பிறகு அஞ்சலிப் பேனருக்கு ஒருவரும் வரவில்லை.

"ஊர்ல சாவு குறைஞ்சு போச்சு. நல்லதுதான்" என்று தளவாய் சந்தோஷப்பட்டார்.

கடையில் அவரோடு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஒருவன் மாடக்கண்ணு, வடிவின் தம்பி. எதைச் சொன்னாலும் உடனே கிளம்பிவிடுவான். எங்கே என்று பாதி வழியில்தான் கேட்பான். இன்னொருவர் அணஞ்சபெருமாள். ஊருக்கு அணஞ்சி. அவர் உடனே கிளம்பமாட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நன்றாக யோசித்து, அதற்குப் பிறகுதான் தப்பாகச் செய்வார்.

பேனர் படுத்த பிறகு தளவாய் ஒரு பெரிய எல்.ஈ.டி. திரை வாங்கினார். கோணக்குளத்தில் திரை இருப்பது அவரிடம் மட்டும்தான். அதனால்தான் அரிசி ஆலை ஆவுடையப்பன் தன் மகள் மங்கையர்க்கரசியின் கல்யாண வரவேற்புக்கு அவரைத் தேடி வந்தார். திரையில் மண்டபம் மாதிரியே ஒரு மண்டபம், மேடை, அதில் மாப்பிள்ளையும் பெண்ணும். மாப்பிள்ளை கையில் ஒரு மாலை. நேரம் வரும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் மாலை பறந்துபோய்ப் பெண்ணின் கழுத்தில் விழ வேண்டும். இவ்வளவையும் கம்ப்யூட்டரில் செய்தவர் ரெஜினா, மங்கையர்க்கரசியோடு கல்லூரியில் படித்தவர், சென்னையில் கிராபிக்ஸ் கம்பெனியில் இருக்கிறார். அவரே வந்து ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. படத்தை அனுப்பிவிட்டு, எப்படிக் கையாள்வது என்று தளவாய்க்குப் போனில் சொல்லிக் கொடுத்தார்.

போன் வருவதற்கு முன்னால் வடிவு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "இதுவும் கெட்டுப்போச்சுன்னா அந்த எடத்துல நான் இட்லிக்கடை போடுதேன். நீங்க மூணு பேரும் உக்காந்து மாவாட்டுங்க."

தளவாய்க்கு மாவாட்டுவதில் விருப்பமில்லை. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு, மூன்று பேரும் சாமி கும்பிடுகிற மாதிரி நின்று கேட்டார்கள்.

"அண்ணா, படத்துல இருக்கிற எதையுமே சும்மா பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க" என்றார் ரெஜினா. "'கை'ன்னு மட்டும் சொன்னா எந்தக் கைன்னு அதுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் கை இருக்கு, பொண்ணுக்கும் கை இருக்கு. வேர்ல ஆரம்பிச்சு முழுப் பாதையும் சொல்லணும். மண்டபம், சாய்கோடு, மேடை, சாய்கோடு, மாப்பிள்ளை, சாய்கோடு, வலதுகை, சாய்கோடு, மாலை. புரியுதா?"

"சாய்கோடுன்னா?"

"சாஞ்சு நிக்கிற கோடுண்ணா."

தளவாய் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். சாய்கோடு வரும்போது தன்னையறியாமல் கழுத்து வலது பக்கம் சாய்ந்தது. சாய்த்துச் சொன்னால்தான் கோடும் சாயும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் சாய்கோடு சொல்லும்போதெல்லாம் கழுத்து சாய்ந்தது.

"மேல இருக்கிறது அப்பா, கீழ இருக்கிறது பிள்ளை" என்று ரெஜினா தொடர்ந்தார். "மாலைக்கு அப்பா கை. கைக்கு அப்பா மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு அப்பா மேடை. மேடைக்கு அப்பா மண்டபம். அப்பா நகர்ந்தா பிள்ளையும் கூடவே நகரும்."

"நல்ல குடும்பம்மா" என்றார் தளவாய் மனசாற.

போனை வைத்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"அந்தப் பொண்ணு சொல்லுததுல ஒரு நியாயம் இருக்குவே" என்றார் தளவாய். "நம்ம தெருவுல 'ஏ முத்து'ன்னு கூப்பிட்டுப் பாரும், பாதித் தெரு திரும்பிப் பாக்கும். இத்தனை நாளும் நாம எப்படித்தான் பொழப்பு நடத்தினோமோ!"

"அது சரிண்ணே" என்றார் அணஞ்சி நெற்றியைச் சுருக்கி. "வேர்ல ஆரம்பிக்கணும்னு சொல்லுதாங்களே, எந்த மரத்து வேரு?"

இது பெரிய கேள்விதான். மாடக்கண்ணு புளியமரம் என்றான். அணஞ்சி, புளியமரத்தில் பேய் இருக்கும், பாதையில் பேய் வந்தால் மாலை வாடிப்போகும் என்றார். கடைசியில், ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் இறங்குகிற இடம் என்பதால், பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்து வேர்தான் சரி என்று முடிவாயிற்று.

"ஏலே மாடக்கண்ணு, எதிர்த்தாப்புல போயி மூணு டீ வாங்கிட்டு வா" என்றார் தளவாய்.

டீக்கடை கடைக்கு நேர் எதிரே இருந்தது. மாடக்கண்ணு நேராகப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், வேப்பமர வேரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "பஸ் ஸ்டாண்டு சாய்கோடு, கடைத்தெரு சாய்கோடு, டீக்கடை சாய்கோடு, மூணு டீ" என்று சொல்லிக்கொண்டே டீக்கடைக்குத் திரும்பி வந்தான். கொண்டுவருவதற்கும் அதே வழிதான் என்று, டீயோடு மறுபடியும் வேருக்குப் போய் அங்கிருந்து கடைக்கு வந்தான். டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருந்தது.

"டீ ஆறிட்டுது அத்தான். ஆனா சரியான டீதான் வந்திருக்கு" என்றான்.

"அதுதான் முக்கியம்" என்றார் தளவாய்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவருக்கு முறுக்கு தின்ன ஆசை வந்தது. வாசலில் நின்றபடியே, "வீடு சாய்கோடு, அடுப்படி சாய்கோடு, மேல்தட்டு சாய்கோடு, டப்பா சாய்கோடு, முறுக்கு" என்றார். வடிவு எட்டிப் பார்த்தாள். புருஷன் நிலைப்படியில் நின்று கழுத்தை நாலு தடவை வெட்டி வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்துப் பயந்துபோய், நல்லெண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து கழுத்தில் தேய்த்துவிட்டாள். முறுக்கு வரவில்லை. பாதையில் எங்கோ ஒரு பெயர் தப்பு என்று தளவாய் புரிந்துகொண்டார்.

மறுநாள் மண்டபத்தில் திரையைக் கட்டினார்கள். மேலே கயிறு கட்ட அணஞ்சி ஏணியில் ஏற வேண்டியிருந்தது. அவர் முன்ஜாக்கிரதையாக ரெஜினாவுக்கே போன் போட்டு, ஒரு படி மேலே போக என்ன செய்வது என்று கேட்டார். ரெஜினா ஆபீசில் வேலையாக இருந்தார். படத்தின் பாதையில் ஒரு படி மேலே போவதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டு புள்ளி வைங்கண்ணா, ஒரு படி மேல போயிடும்" என்று சொல்லிவிட்டார். அணஞ்சி சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு படிக்கட்டையிலும் இரண்டு புள்ளி வைத்து ஏறினார். மேலே போய்க் கயிறைக் கட்டிய பிறகுதான், இறங்குவதற்கு என்ன வைப்பது என்று கேட்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது.

மறுபடியும் போன் போட்டார்கள்.

"கீழ போக புள்ளியெல்லாம் வேண்டாம்ணா. கீழ இருக்கிறவர் பேரைச் சொன்னா போதும்."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மாடக்கண்ணு. அணஞ்சி, "மாடக்கண்ணு" என்று சொல்லி ஒரு படி இறங்கினார். "மாடக்கண்ணு" என்று சொல்லி இன்னொரு படி. மாடக்கண்ணுவும் ஒவ்வொரு தடவையும் "என்ன மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மண்டபத்தில் பந்தல் போட வந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஆவுடையப்பன் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மாலை பறந்து பெண்ணின் கழுத்தில் விழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒற்றை மகள், தாயில்லாமல் வளர்த்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையின் ஓரத்தில் எழுதியிருந்த பெயர்களைப் படித்தார்.

"என்னவே, வெறுமனே 'மாப்பிள்ளை'ன்னு போட்டிருக்கு? அவுக வீட்டு ஆளுக பாத்தா என்ன நினைப்பாக? ஒரு மரியாதை வேண்டாமா?"

"தப்புதான் அண்ணாச்சி" என்று தளவாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் போனதும் கம்ப்யூட்டரில் 'மாப்பிள்ளை' என்று இருந்ததை 'மாப்பிள்ளை அவர்கள்' என்று மாற்றினார். மாற்றிவிட்டு, எதற்கும் ஒருமுறை பார்க்கலாம் என்று பொத்தானை அமுக்கினார்.

மாலை நகரவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது.

மண்டபம்/மேடை/மாப்பிள்ளை: காணவில்லை.

தளவாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"படத்துல நிக்காரே அத்தான்" என்றான் மாடக்கண்ணு.

"படத்துல நிக்கதைப் பாத்து நாம ஏமாறக் கூடாதுல்லா. கம்ப்யூட்டர் காணோம்னு சொல்லுதுன்னா அதுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

அணஞ்சி யோசித்தார். "மண்டபத்தைக் காணோம்னு சொல்லலை. மேடையைக் காணோம்னும் சொல்லலை. அப்ப அது ரெண்டும் இருக்கு. மேடைக்குக் கீழதான் மாப்பிள்ளை இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. போயி ஒருதரம் பாத்துட்டா என்ன?"

மூன்று பேரும் மண்டபத்துக்கு ஓடினார்கள். மாடக்கண்ணு டார்ச்லைட்டோடு மேடைக்குக் கீழே ஊர்ந்துபோனான். உள்ளேயிருந்து ஒரு ஒற்றைச் செருப்பு வந்தது, ஒரு கிழிந்த ஜமுக்காளம் வந்தது, அதன் பிறகு ஒரு பூனை வந்தது. கடைசியாக ஒட்டடையோடு மாடக்கண்ணு வந்தான்.

"இல்ல அத்தான்."

இப்போது சந்தேகத்துக்கே இடமில்லை. தாயில்லாத அந்தப் பெண்ணை நினைத்து தளவாய்க்கு நிஜமாகவே அழுகை வந்தது. ஆனால் தெரிந்ததை மறைப்பது துரோகம் என்று, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆவுடையப்பனுக்குப் போன் செய்தார்.

"அண்ணாச்சி, மனசைத் தேத்திக்கிடுங்க. மாப்பிள்ளையைக் காணோம்."

"என்னவே சொல்லுதீரு?"

"மேடை வரைக்கும் இருக்கு. அதுக்கு மேல ஆளு இல்ல. மேடைக்குக் கீழயும் பாத்துட்டோம். ஒரு பூனைதான் இருந்துது."

ஆவுடையப்பனுக்குக் கடைசி இரண்டு வரியும் காதில் ஏறவில்லை. உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். ஸ்விட்ச் ஆஃப். அந்த நேரத்தில் மாப்பிள்ளை குற்றாலிங்கம் சுரண்டையில் ஒரு சலூனில், முகம் முழுக்கக் களிம்பு பூசிக் கண்ணில் வெள்ளரிக்காய்த் துண்டு வைத்துப் படுத்திருந்தார். பாட்டுக் கேட்டுக் கேட்டுப் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. வீட்டுக்குப் போட்டால், "காலையிலேயே எங்கேயோ போனான், சொல்லலையே" என்றார்கள். அவ்வளவுதான். அரிசி ஆலையில் இயந்திரத்தை நிறுத்தினார்கள். வீட்டில் அத்தைமார் தலைவிரி கோலமாக உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டான் என்று கடைத்தெருவிலும், கடத்திவிட்டார்கள் என்று பஸ் ஸ்டாண்டிலும் பேசிக்கொண்டார்கள்.

அழாதவள் மங்கையர்க்கரசி ஒருத்திதான். "யாரு சொன்னா?" என்று கேட்டாள். தளவாய் சொன்னார் என்றார்கள். "அப்போ முதல்ல அங்க போவோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அவளும் அவள் அப்பாவும் கடைக்கு வந்து சேர்ந்த அதே நேரத்தில் சுரண்டையிலிருந்து ஒரு வேனும் வந்து நின்றது. அதிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா நெல்லையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே, பாதி முகத்தில் களிம்போடு மாப்பிள்ளையும் இறங்கினார். சலூனிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"என் மகன் ஓடிப்போனான்னு சொன்னவன் எவன்? இந்தப் பேச்சுக்குப் பிறகு இந்தக் கல்யாணம் நடக்கணுமா?" என்று நெல்லையப்பன் சத்தம் போட்டார்.

தளவாய் முன்னால் வந்தார். களிம்பு முகத்தை உற்றுப் பார்த்தார். "இவுகளை எனக்கு அடையாளம் தெரியலை. இவுக மண்டபம் சாய்கோடு மேடை சாய்கோடு மாப்பிள்ளையா, இல்ல வேற பாதையா?"

"என்னய்யா கழுத்தை வெட்டுதீரு? நான் அவன் அப்பன். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

"கோவிச்சுக்கிடாதீக. அவருக்கு அப்பா நீங்க இல்ல."

ஆவுடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அவருக்கு அப்பா மேடை" என்றார் தளவாய் பணிவாக. "மேடைக்கு அப்பா மண்டபம். விவரம் தெரிஞ்சவங்க சொன்னது. மெட்ராஸ்ல விசாரிச்சுட்டோம்."

நெல்லையப்பன் செருப்பைத் தேடிக் குனிந்தார். வேனிலிருந்து இறங்கினவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க எல்லாரும் ஒருதரம் வந்து படிச்சுப் பாத்துக்கிடுங்க, நான் பொய் சொல்லுதவன் இல்ல" என்று தளவாய் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். நெல்லையப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. அவருக்கே ஒரு கணம் சந்தேகம் வந்து, திரும்பி மகனைத் தொட்டுப் பார்த்தார். விரலில் களிம்பு ஒட்டியது.

மங்கையர்க்கரசி திரையையும் பார்த்தாள், ஓரத்தில் இருந்த பெயரையும் பார்த்தாள். ரெஜினாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அடக் கடவுளே!" என்றார் ரெஜினா. "பேரை யாரு மாத்தினா? மாலையைப் பறக்க வைக்கிற நிரல் 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிடுது. அங்க இருக்கிறது 'மாப்பிள்ளை அவர்கள்'. அந்தப் பாதையில அந்தப் பேர்ல யாரும் இல்லைன்னு சொல்லுது, அவ்வளவுதான். பேரை மாத்தினா பாதையையும் மாத்தணும்."

"எதுக்குவே பேரை மாத்தினீரு?" என்று ஆவுடையப்பன் பல்லைக் கடித்தார்.

"நீங்கதான அண்ணாச்சி மரியாதை வேணும்னீங்க? வெறும் மாப்பிள்ளைன்னு இருந்தா சம்பந்தி வீட்டுல வருத்தப்படுவாகன்னு, 'அவர்கள்' போட்டேன்."

நெல்லையப்பன் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் போட்டுக்கொண்டு திரையை நெருங்கிப் பார்த்தார். 'மாப்பிள்ளை அவர்கள்' என்று நிஜமாகவே இருந்தது. அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

"எங்க வீட்டுல நாலு கல்யாணம் பாத்துட்டேன். பத்திரிகையில போடுவான், மைக்குல சொல்லுவான். இப்படி மிஷினுக்கு உள்ளயே போயி மரியாதை வச்ச சம்பந்தியை நான் பாத்ததில்ல" என்றார்.

"அப்போ அந்த 'அவர்கள்' அப்படியே இருக்கட்டும்" என்றாள் மங்கையர்க்கரசி. மாப்பிள்ளை களிம்புக்குள்ளிருந்து சிரித்தார். அவர் சிரித்ததில் களிம்பு காய்ந்து கீறல் விழுந்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். கல்யாணம் தப்பித்தது.

பாதையைத் திருத்தும் வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ரெஜினா தளவாயிடம் இன்னும் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணா, ஒரே அப்பாவுக்குக் கீழ ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாது. குழப்பமாயிடும். அப்படி வந்தா பின்னாடி ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுருங்க."

முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் வரவேற்பு. தளவாய் மேடைக்கு எதிரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாடக்கண்ணுவையும் அணஞ்சியையும் மேடைப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார். மேலே ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அவர்கள் பெயர் கேட்டார்கள்.

"தாத்தா, உங்க பேரு?"

"குற்றாலிங்கம்" என்றார் மாப்பிள்ளையின் தாத்தா.

"மேல ஒரு குற்றாலிங்கம் நிக்காரு தாத்தா. நீங்க ஏறக் கூடாது."

"ஏலே, அவன் என் பேரன். என் பேரைத்தான் அவனுக்கு வச்சிருக்கு!"

அதற்குள் பின்னால் இன்னொருவர் வந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன். அவர் பெயரும் குற்றாலிங்கம். அதே தாத்தாவுக்கு அவரும் பேரன்தானே. அவருக்குப் பின்னால் பெரியப்பா மகன். அவரும் குற்றாலிங்கம்.

"இந்தக் குடும்பத்துல பேருக்கு இவ்வளவு பஞ்சமா?" என்று மாடக்கண்ணு அணஞ்சியின் காதில் கேட்டான்.

அணஞ்சி நெற்றியைச் சுருக்கினார். மொய் எழுதுகிற மேசைக்குப் போய்க் காகிதமும் குண்டூசியும் வாங்கி வந்தார். வயசுப்படிதான் முறை என்று தாத்தாவின் சட்டையில் '1' என்று குத்தினார். தாத்தாவுக்குப் பரம திருப்தி. முதல் நம்பர் கிடைத்த தெம்பில் யார் கையையும் பிடிக்காமல் படியேறினார். பெரியப்பா மகனுக்கு '2'. மாப்பிள்ளையின் கோட்டில் '3'. சித்தப்பா மகன், தனக்கு ஏன் கடைசி நம்பர் என்று சண்டை பிடித்துவிட்டு, '4' வாங்கிக்கொண்டு ஏறினார். அன்று எடுத்த எல்லாப் படத்திலும் மாப்பிள்ளை கோட்டில் '3' இருக்கிறது. பெண் வீட்டுத் தூரத்துச் சொந்தம் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு இது மூன்றாவது கல்யாணமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகக் கேட்டார்.

இப்போது மாலை பறக்கிற நேரம். விளக்குகளை மங்கலாக்கினார்கள். ஆவுடையப்பன் முன்வரிசையில் மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வடிவு பெண்கள் பக்கம் உட்கார்ந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளவாய் பொத்தானை அமுக்கினார். 'மாலை' அசையவில்லை. முந்தின நாள் திருத்தியபோது அவர் பாதை வருகிற இடங்களில் ஒன்றில் மட்டும் 'அவர்கள்' சேர்க்க மறந்திருந்தார். ரெஜினாவைப் போனில் கூப்பிட்டார்.

"பயப்படாதீங்கண்ணா" என்றார் ரெஜினா. "நிரலை விடுங்க, நீங்களே இழுத்து வச்சிரலாம். பக்கத்துல பேரெல்லாம் வரிசையா தெரியுதா? மாலையை மாப்பிள்ளைகிட்ட இருந்து எடுத்து, பொண்ணு, சாய்கோடு, கழுத்து, அதுக்குக் கீழ போடுங்க. எல்லாரும் காத்துட்டிருப்பாங்க. கையோட மாத்திருங்க."

தளவாய் திரையில் மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார்.

"கையோடயா?"

"ஆமாண்ணா, கையோட. சீக்கிரம்!"

தளவாய் மாலையை விட்டுவிட்டு, 'வலதுகை'யைப் பிடித்து இழுத்துப் பெண்ணின் கழுத்துக்குக் கீழே போட்டார்.

திரையில் மாப்பிள்ளையின் வலது கை தோளோடு கழன்றது. மாலையைப் பிடித்தபடியே மேடையைக் கடந்து மெல்லப் பறந்துபோய், பெண்ணின் கழுத்தில் மாலையோடு சேர்ந்து தொங்கியது. மாப்பிள்ளை ஒற்றைக் கையோடு புன்னகை மாறாமல் நின்றுகொண்டிருந்தார்.

தளவாய் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் ஆட்டுக்கல் சுற்றியது.

அப்போது மேடையில் இருந்த முதல் நம்பர் தாத்தா கைதட்டினார். "பாத்தியளா! கையைப் பிடிச்சுக் கொடுக்கதுன்னு சும்மா வாயால சொல்லுவோம். இந்தப் பய நிஜமாவே கையையே கொடுத்துட்டான்!"

மங்கையர்க்கரசிதான் முதலில் சிரித்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மாப்பிள்ளையின் வலது கை அதே இடத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு மண்டபமே சிரித்தது. நெல்லையப்பன் விசில் அடித்தார். ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டே அழுதாரா, அழுதுகொண்டே சிரித்தாரா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அவர் எழுந்துவந்து தளவாயின் தோளில் தட்டினார்.

"போதும்வே. இதுக்கு மேல ஒண்ணும் செஞ்சிராதேயும். மூணு பேரும் போயி முதல்ல சாப்பிடுங்க."

மூன்று பேரும் போய்ப் பந்தியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள். சோறு, சாம்பார், ரசம் எல்லாம் வந்துபோயிற்று. ஒரு சமாசாரம் மட்டும் தளவாயின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. பாயச வாளியோடு ஆள் வந்தபோது அது என்ன என்று பிடிபட்டுவிட்டது.

"நிறுத்தும்வே. நாம இவ்வளவு நேரம் தப்பாத் தின்னுட்டு இருக்கோம்" என்றார் பதறிப்போய். "இப்ப பாயசத்துக்கு அப்பா யாரு?"

"வாளி, அத்தான்" என்றான் மாடக்கண்ணு.

"நம்மகிட்ட வந்த பிறகு?"

அணஞ்சி யோசித்தார். "இலைதான். வாளிகிட்ட இருந்து எடுத்து இலைக்குக் கீழ போடணும்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் இலையை இரண்டு கையாலும் பக்குவமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"இலைக்குக் கீழ ஊத்தும்" என்றார் தளவாய்.

பரிமாற வந்தவரும் கோணக்குளத்துக்காரர்தான். கரண்டியைக் கையில் பிடித்தபடி, இலைக்குக் கீழே குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஊத்துதேன் அண்ணாச்சி. அப்பளம் மேலயா, அதுவும் கீழயா?"